முதல் குடம்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. பால்காரர் பால் அளக்கும்போது அவர் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். கடையில் அண்ணாச்சி நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு போலீஸ்காரியைக் கட்டியிருக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர். அந்தப் புத்தியால் எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. உபகாரம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் வீட்டில் இரண்டு காரியம் தவறாது: ஒன்று காலை ஜெபம், இன்னொன்று கொதிக்கவைத்த தண்ணீர். ஜெபத்தில் கூட அப்பா சில நாள் சுருக்கிக்கொள்வார். தண்ணீர் விஷயத்தில் சலுகையே கிடையாது. தளதளவென்று கொதித்து ஆறின தண்ணீரைத் தவிர வேறெதுவும் எங்கள் தொண்டையில் இறங்கியதில்லை. எழுபதுகளில் என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எனக்கும் அங்கேயே ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு பிடித்து, நாலு வயது மகளையும் கொதிக்கவைத்த தண்ணீரையும் தூக்கிக்கொண்டு குடிபோனேன்.

தெருவில் பாதிப்பேர் சங்கு குளிக்கிறவர்கள். நாங்கள் இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்காவின் புருஷனும் அதே தொழில்தான். அக்காவின் மகன்மார் இருவரும் கல்யாணம் முடித்துத் தனியே போய்விட்டார்கள். புருஷன் கடலுக்குப் போன நேரமெல்லாம் வீட்டில் அவளும் அவள் குரலும்தான். அந்தக் குரலுக்குத் தெரு முழுக்கப் பயப்படும். குடிபோன அன்றே என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பிள்ளைய இங்கன விட்டுட்டு நீ பள்ளிக்கூடம் போளா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். எதற்கு இவ்வளவு அன்பு என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு வழியில்லாததால் விட்டுவிட்டுப் போனேன். பிள்ளை ஒரு வாரத்தில் என்னைவிட அவளிடம் அதிகமாக ஒட்டிக்கொண்டது.

அந்தத் தெருக் குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தரைக்கு மேலே இல்லை, தரைக்குக் கீழே இருந்தது. தாமிரபரணித் தண்ணீர் ஊரெல்லாம் சுற்றிக் கடைசியாக எங்கள் தெருவுக்கு வரும்போது அதற்கு மூச்சு வாங்கும். நிமிர்த்தி வைத்த குழாயில் ஏறாது. அதனால் அக்காவின் புருஷன் ஒருநாள் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டு, சுற்றிலும் குழி தோண்டி, சிமெண்டு பூசி, இறங்கப் படியும் வைத்துக் கொடுத்துவிட்டார். குழிக்குள் இறங்கிக் குடத்தை வைத்தால் தண்ணீர் நன்றாக விழும். குழாய்க்குத் திருகு கிடையாது, திறந்த வாய்தான். பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அக்காவுக்கு அந்தக் குழியில் இருந்த பெருமை கழுத்துச் சங்கிலியில் கூடக் கிடையாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் வரும். குழியில் சிந்துகிற தண்ணீரையும், குடம் கழுவுகிற தண்ணீரையும், ஆள் மாற்றி ஆள் சட்டியால் இறைத்துக்கொண்டே பிடிப்போம். வரத்து நூலாக இளைத்ததும் ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். அதற்குப் பிறகு கசிகிற தண்ணீர் குழியில் தேங்கிக் குழாயின் வாயையும் மூடி நிற்கும். அதில்தான் பிள்ளைகள் கால் கழுவும், ஆடு வாய் வைக்கும், காக்கா குளிக்கும். ஆனால் அடுத்த முறை தண்ணீர் வரும்போது குழியின் அடியில் கொஞ்சம் தவிர மிச்சமெல்லாம் காய்ந்து கிடக்கும். யாரோ ஒரு புண்ணியவாட்டி இறைத்துவிட்டுப் போகிறாள் என்று தெருவே நம்பியது. கோடிவீட்டுக்காரி என்று சிலர் சொன்னார்கள். கோடிவீட்டுக்காரி நம் அக்காவைச் சொன்னாள். அக்கா, அது கோவிலுக்குப் போகிற வழியில் யாரோ செய்கிற நேர்ச்சையாக இருக்கும் என்றாள். பெயர் தெரியாத புண்ணியவாட்டிகளை நான் அவ்வளவு சுலபமாக நம்புகிறவள் இல்லை. ஆனாலும் குழி காய்ந்திருந்தால் நல்லதுதானே என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தத் தெருவில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு வழக்கம். முதல் குடம் யாருக்கும் சொந்தமில்லை. எந்த வீட்டில் சீக்காளியோ பிள்ளை பெற்றவளோ இருக்கிறார்களோ, அந்த வீட்டுக்குத்தான் அது. இரண்டாவது குடத்துக்குக் கொண்டையைப் பிடித்துக்கொள்கிறவர்கள், முதல் குடத்துக்கு மறுபேச்சில்லாமல் விலகி நிற்பார்கள். யார் கையும் படாத தண்ணீர், யார் மூச்சும் படாத தண்ணீர், அதற்குச் சத்து அதிகம் என்று நம்பிக்கை. கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். அதை, "ஆத்து மண்ணுளா, வாசம் பாரு" என்பார்கள். கிணற்றில் எல்லாம் உப்புக் கரிக்கிற ஊரில் ஆற்று மண் என்றால் மருந்து மாதிரி.

குடிபோன மூன்றாம் மாதம் என் மகளுக்கு வயிற்றால் போனது. மருந்து கொடுத்து நின்றது. பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் வந்தது. அதுவும் நின்று, மூன்றாவது முறை வந்தபோது பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. கன்னத்தைக் கிள்ளினால் தோல் கிள்ளின இடத்திலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தண்ணி கொதிக்க வச்சுக் குடுக்கீங்களா?" என்று கேட்டார்கள். யாரைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்கிற மாதிரி நாசரேத் பெருமையோடு பதில் சொன்னேன். அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். "அப்ப வேற எங்கயோ இருந்து போகுது. எங்கன்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த உடம்பு தாங்காது. நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் பால்காரர். அவர் கறக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். மாட்டுக்கே கூச்சம் வந்து பால் விடவில்லை. அடுத்து ஐஸ் வண்டிக்காரர். அவரைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன், தெருப் பிள்ளைகள் அத்தனையும் என்னைச் சபித்தன. பிறகு சங்கைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கி. சங்கின் சதை அழுகி உதிரட்டும் என்று குவித்துப் போட்டிருப்பார்கள். அந்த நாற்றமும் ஈயும் சேர்ந்து அதுதான் என்று என் மனசில் பதிந்துவிட்டது. ஜன்னலெல்லாம் பழைய சேலையைக் கட்டி மறைத்தேன். உள்ளே வெந்துபோனோமே தவிர வேறு பிரயோஜனம் இல்லை. நகராட்சியிலிருந்து சைக்கிளில் நீண்ட இரும்புச் சாவியோடு தண்ணீர் திறந்துவிட வருகிறவரையும் விடவில்லை. அவர் எங்கள் தெருவில் ஒரு மடக்குத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டார், கையோடு ஒரு பாட்டில் கொண்டுவருவார். இவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது என்று முடிவுகட்டி ஒருநாள் கேட்டே விட்டேன். பாட்டிலைத் திறந்து காட்டினார். கருப்பட்டிக் காப்பி.

"ஏளா, உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல?" என்று அக்கா கேட்டாள்.

"உங்க மேல இல்லக்கா" என்றேன். உண்மையும் அதுதான். மூன்று தடவையும் பிள்ளையின் பீத்துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவள் அவள். அவளைச் சந்தேகப்பட எனக்கே மனசு வரவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் மதியத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அக்கா என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, சின்னச் செம்பிலிருந்து அவள் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் காலையில் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டுப் போன பாட்டில் அப்படியே நிறைய இருந்தது.

"என்ன தண்ணிக்கா அது?"

"முதக்குடம்ளா. உன் பிள்ளைக்குன்னு தனியா மூடி வச்சிருக்கேன்."

"கொதிக்க வச்சீங்களா?"

"கொதிக்க வச்சா அதுல என்ன இருக்கு? செத்த தண்ணி. பிள்ளைக்குச் சத்தே இல்லாம கிடக்கு. இருட்டுல போய் நின்னு, ஒருத்தியையும் கிட்ட விடாம பிடிச்சிட்டு வாரேன். இதப் போய்க் கேக்கியே."

எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. செம்பைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். பிள்ளை அழுதது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கறுத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

கோபம் அடங்கின பிறகு யோசித்தேன். கொதிக்காத தண்ணீர்தான், சரி. ஆனால் தெருவே கொதிக்காத தண்ணீரைத்தானே குடிக்கிறது? பெரியவர்களுக்கு அவ்வப்போது வயிறு கடுக்கும், அவ்வளவுதான். என் பிள்ளை மட்டும் ஏன் இப்படிச் சாகக் கிடக்கிறது? அது குடிப்பது முதல் குடம். தெருவிலேயே சுத்தமானது என்று எல்லோரும் விலகி நின்று கொடுப்பது. அப்படியானால் அந்த முதல் குடத்துக்கு யாரோ என்னவோ செய்கிறார்கள். யார்? எனக்கு உடனே அந்தப் பெயர் தெரியாத புண்ணியவாட்டியின் ஞாபகம் வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் குழியில் இறங்கி இறைக்கிறவள், அங்கே வேறு என்னவெல்லாம் செய்கிறாளோ?

அடுத்த தண்ணீர் வந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. எல்லோரும் பிடித்து முடித்து, வரத்து நின்று, குழி நிறைந்து கிடந்தது. ஜன்னலில் கட்டியிருந்த சேலையை விலக்கிவிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஆடு வந்து போனது. இரண்டு பயல்கள் வந்து காலைக் கழுவிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு தெருவில் ஈ, காக்கை இல்லை. நல்ல வெயில். அப்போது குழியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் சர்பத்தைக் குழல் போட்டு உறிஞ்சும்போது கடைசியில் கிளாஸுக்குள் கொர்ரென்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்.

மகளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன். குழியில் தண்ணீர் குழாய் வாய்மட்டத்துக்கு இறங்கியிருந்தது. மேலே மிதந்த ஆட்டுப் புழுக்கை ஒவ்வொன்றாகக் குழாயைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இறங்கி, உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்தேன். கையை அது பிடித்து இழுத்தது.

யாரும் இறைக்கவில்லை. குழாயே குடித்துக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாயைப் போட்டு வாயால் உறிஞ்சிவிட்டால் எண்ணெய் தானே இறங்குவது போலத்தான். ஊருக்குள் தண்ணீரை அடைத்ததும் குழாய்க்குள் மிஞ்சிய தண்ணீர் பள்ளமான தெருக்களுக்கு இறங்குகிறது. இறங்கும்போது பின்னால் கிடைத்ததை இழுத்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் அதற்குக் கிடைத்தது குழித்தண்ணீர். அது குழாய்க்குள்ளேயே கிடந்து, மறுமுறை திறந்துவிட்டதும் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியே வருகிறது. ஆற்று மண் வாசத்தோடு, முதல் குடமாக.

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இப்பக் குழாய் மேலயும் சந்தேகமா?" என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் சேர்ந்து வெடித்தது.

"குழிய எம் புருஷன் தோண்டுனாரு. சிமெண்டு பூசுனாரு. தெருவே அதுலதான் குடிக்கி. நேத்து வந்தவ நீ, அத விஷம்ங்கே. எம் புருஷன் விஷம் வச்சிட்டார்னு சொல்லு. நான் உன் பிள்ளைக்கு விஷம் குடுத்தேன்னு சொல்லு."

"நீங்க குடுத்தீங்கன்னு நான் சொல்லல."

"வேற யாரு குடுத்தா?"

என் பிள்ளை இன்னொரு தடவையைத் தாங்காது. வீட்டுக்குள் போய் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலப்பொடியை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள்ளும் என் புத்தி வேலை செய்தது. யாருக்கும் தெரியாமல் கொட்டினால், நாளைக்கு நானே குழாயில் நீலத்தைப் போட்டேன் என்று இவளே சொல்லுவாள். "திங்கக்கிழமை தண்ணி வந்து நிக்கட்டும்க்கா. உங்க கண் முன்னாலயே குழியில இதக் கொட்டுதேன். நீங்களே காவல் இருங்க. குழாய்ப் பக்கம் என் நிழல்கூடப் படாது" என்றேன்.

"இருக்கேன். உன்னயவும் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொன்னேன். அத்தனை குடமும் நிறைந்து தெரு அடங்கின பிறகு, பொட்டலத்தைப் பிரித்துக் குழியில் கொட்டினேன். குழி கருநீலமாகிவிட்டது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். இரண்டு பேரும் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொர்ரென்று சத்தம் வந்தபோது அக்கா எட்டிப் பார்த்தாள். நீலம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெயிலுக்கு வத்துது" என்றாள். குரலில் பழைய பலம் இல்லை.

புதன்கிழமை விடிகாலையில் சொல்லிவைத்த மாதிரி தெருவே வந்துவிட்டது. யாரும் குடத்தை இறக்கவில்லை. அக்கா மட்டும் குழிக்குள் இறங்கி, அடியில் மிஞ்சியிருந்த நீலத்தைச் சட்டியால் இறைத்துவிட்டு, தன் பித்தளைக் குடத்தை வைத்தாள். வழக்கப்படி முதல் குடம் என் பிள்ளைக்குத்தான், அதைப் பிடிக்கிற உரிமை அவளுக்குத்தான். முதலில் காற்று சீறியது. அப்புறம் தண்ணீர் விழுந்தது. யாரோ அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார்கள்.

நீலம். குடத்தின் வாய்வரை நீலம்.

பின்னாலிருந்து ஒருத்தி, போன வருஷம் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்த தன் மகளுக்குக் கொடுத்த முதல் குடத்தை நினைத்தோ என்னவோ, "ஆண்டவரே" என்றாள். அக்கா குடத்தைத் தூக்கவில்லை. அதிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வழிந்து அவள் பாதமெல்லாம் நீலமானது.

"ஏளா" என்றாள், என்னைத் திரும்பிப் பாராமலே. "அப்ப நான்தானா? என் கையாலயா பிள்ளைக்கு ஊத்துனேன்?"

நான் ஜெயித்துவிட்டேன். அப்படி ஒரு ஜெயம் என் எதிராளிக்குக் கூட வரக்கூடாது. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் புருஷன் வந்து குழியைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். கடற்கரை மணலை வண்டியில் அடித்துக்கொண்டு வந்து, தான் பூசின சிமெண்டின் மேலேயே கொட்டி மூடினார். நகராட்சி ஆள் வந்து குழாயை நிமிர்த்தித் திருகு போட்டுக் கொடுத்தார். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் பொழுது விடிந்துவிடும். "டீச்சர் வந்தா, குழி போச்சு" என்று என் காதுபடவே ஏசினார்கள். மூன்று நாலு வீட்டுக்காரர்கள் மறுபடியும் தோண்டலாம் என்று கடப்பாரையோடு வந்தபோது, அக்கா குழாயை மறித்து நின்று போட்ட சத்தத்தில் அவர்கள் கடப்பாரையைக் கூட எடுக்காமல் போனார்கள். முதல் இரண்டு குடத்தைத் தெருவில் ஊற்றிவிட்டுத்தான் பிடிக்கவேண்டும் என்று புதுச் சட்டமும் போட்டாள். சீக்கு வீட்டுக்கு மூன்றாவது குடம்.

பிள்ளை மெல்ல மெல்லத் தேறியது. கன்னத்தைக் கிள்ளினால் தோல் பழையபடி போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் பிள்ளையை அங்கே விடவில்லை, லீவைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். லீவு தீர்ந்த அன்று என்ன செய்வது என்று தெரியாமல், கொதித்து ஆறின தண்ணீர்ப் பாட்டிலையும் மகளையும் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

அக்கா பாட்டிலை வாங்கினாள். ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே அதைத் தான் குடித்தாள். அவள் மொழியில் செத்த தண்ணீர், அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குக் கைநீட்டினாள்.

மில்லர்புரத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போகும்வரை தினமும் காலையில் இது நடந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவள் முதலில் குடிப்பாள், பிறகு பிள்ளைக்குக் கொடுப்பாள். வேண்டாம்க்கா என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.